ஜெபமாலை காம்பவுண்டுக்கு நெட் வந்த கதை

ராத்திரி பன்னிரண்டு மணி ஆனால் போதும், என் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்கும். சர்ர்ர்... டொக். டொக். அப்புறம் ஒன்றுமே இருக்காது.

ஜெபமாலை காம்பவுண்டில் ஒன்பது வீடுகள். கடைசி வீடு என்னுடையது. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். இங்கே நானும் ஏழு மாதப் பிள்ளையும்தான். சத்தம் ஆரம்பித்த நாலாம் நாள், டொக் என்றதும் உள்தாழ்ப்பாள் கழன்று என் காலடியில் விழுந்தது. அரிசி டின்னை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, விடியும்வரை டின்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பாதுகாப்புக் கமிட்டியிடம் போனேன். கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் ஞானதிரவியம் அண்ணாச்சி, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். எதையும் இரண்டு தடவை வாசித்து, இரண்டு தடவையும் தப்பாகப் புரிந்துகொள்வார். செயலாளர் சுயம்புலிங்கம், எதற்கும் காரணம் கேட்பவர். மூன்றாவது எட்வின். கமிட்டியின் இளைஞர் பிரிவு அவர்தான், வயது நாற்பத்தெட்டு. அதுவரை கமிட்டி செய்த ஒரே வேலை, ஒன்பது கதவிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியது: “இரவு ஒன்பது மணிக்கு மேல் யார் தட்டினாலும், என்ன காரணம் சொன்னாலும், கதவைத் திறக்கக் கூடாது.”

“புதுத் தாழ்ப்பாள் வாங்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி. நாலு ஸ்க்ரூ முடுக்கணும், அவ்வளவுதான்” என்றேன்.

“தாழ்ப்பாள் போட்டா என்ன ஆகும்?” என்றார் சுயம்பு.

“கள்ளன் உள்ளே வர மாட்டான்.”

“வரலைன்னா அவன் யாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

மூவரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் கேமரா வைக்க முடிவாயிற்று. கேமராவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். மீட்டிங் அறையில் யாரோ தானமாகக் கொடுத்த பழையது ஒன்று இருந்தது, உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். கம்ப்யூட்டருக்கு நெட் வேண்டும். சிம் போடும் மோடம், விரல் நீளத்தில் ஒன்று, வாங்கினார்கள். நான் கொடுத்த தாழ்ப்பாளை மட்டும் அண்ணாச்சி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறப்புவிழா வைத்துச் செய்ய வேண்டுமாம்.

கடைக்காரர் மோடத்தோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார். பதினோரு வரி. நான் கேட்டேன், பத்து நிமிடத்தில் செய்து தரட்டுமா என்று.

“நீ பிள்ளையப் பாரும்மா செலின். இது டெக்னிக்கல்” என்றார் அண்ணாச்சி.

முதல் வரி: “மோடம் முதலில் தன்னை ஒரு சிடி என்று காட்டிக்கொள்ளும். நம்ப வேண்டாம்.”

அதற்கே ஒரு நாள் போயிற்று.

“வந்த உடனே பொய் சொல்லுது” என்றார் சுயம்பு. “பொய் சொல்லுத ஒண்ணையா வே காவலுக்கு வைக்கப் போறோம்?”

“ஒருவேளை கூச்சமா இருக்கும்” என்றார் எட்வின். “புது இடம்.”

“நம்ப வேண்டாம்னு எழுதியிருக்கான். சரி. ஆனா பதினோராவது வரியில ‘இணைந்துவிட்டது’ன்னு சொல்லும்னும் எழுதியிருக்கான். அதை மட்டும் எப்படி வே நம்புறது?” என்றார் சுயம்பு.

கடைசியில் மோடத்தை மேசைமேல் வைத்து, அண்ணாச்சி அதனிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினார்.

மூன்றாவது வரி: “பாஸ்வேர்டு ஒன்று உருவாக்குங்கள். அது யாருக்கும் தெரியக் கூடாது. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது.”

“யாருக்கும்னா நமக்கும்தானே?” என்றார் அண்ணாச்சி.

“மிஷினே மரியாதையா கண்ணை மூடிக்கிடுது. நாம தொறந்து வச்சுக்கிட்டு இருக்கலாமா?” என்றார் சுயம்பு.

எட்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ தட்டினார். மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ரகசியம் பத்திரமாக இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் அதே ரகசியத்தைக் கேட்டபோது, உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் மூன்று தடவை வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். மூன்று தடவையும் எட்வின் கண்ணை மூடினார். நான்காவது தடவை கடைக்காரரே ஒரு பாஸ்வேர்டு போட்டு, நாலு பேர் பார்க்கக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். பாவம், அவரும் மனிதர்தானே.

ஏழாவது வரி: “பயனர் பெயர் எதுவானாலும் சரி. காலியாக மட்டும் விடாதீர்கள்.”

“எது போட்டாலும் சரின்னா, தப்பா போட வழியே இல்ல” என்றார் எட்வின்.

“தப்பே பண்ண முடியாத இடத்துலதான் வே ஜாக்கிரதையா இருக்கணும்” என்றார் சுயம்பு. இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். ஓட்டெடுப்பில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு.

இதற்குள் பன்னிரண்டு நாளாயிற்று. பன்னிரண்டு ராத்திரியும் சத்தம் வந்தது. பன்னிரண்டு ராத்திரியும் நான் டின்மேல்.

பத்தாவது வரி: “மோடத்தின் விளக்கு நீலமாக எரியும் இடத்தில் வைத்து வேலை செய்யுங்கள்.” மீட்டிங் அறையில் சிவப்புதான் எரிந்தது. மூவரும் கம்ப்யூட்டரை பேட்டரியோடு, கல்யாண வீட்டுச் சீர்போல ஏந்திக்கொண்டு, வீடு வீடாக நடந்தார்கள். எட்டு வீட்டிலும் சிவப்பு. ஒன்பதாவதாக என் முன்னறையில் நுழைந்ததும் நீலம்.

“திறப்புவிழா இங்கேதான்!” என்றார் அண்ணாச்சி.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். வாசலுக்கு மேலே கேமரா. என் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் திரையில் “இணைந்துவிட்டது” என்று வந்தது. சுயம்பு நம்பவில்லை. ஆனாலும் கைதட்டினார். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தார். நாலு ஸ்க்ரூ. மூன்று நிமிடம்.

“உறுதியா இருக்கான்னு பாக்கணும்” என்று எட்வின் வெளியே போனார். கிரில் கேட்டை இழுத்தார். சர்ர்ர்... தோளால் கதவை இடித்தார். டொக். டொக்.

“எட்வின் அண்ணே, இந்தச் சத்தம்...”

“ரோந்து தங்கச்சி. தினம் பன்னிரண்டு மணிக்கு ஒன்பது கதவையும் இடிச்சுப் பாக்கேன். உங்க கதவுதான் கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு. அதனால உங்களுக்கு மட்டும் ரெண்டு இடி.”

“அப்போ கள்ளன்?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே கேமரா” என்றார் எட்வின்.

“வீட்டுக்காரி தள்ளிப் பாத்தாதான் செல்லும்” என்றார் அண்ணாச்சி. “வெளியே போய் ஒரு தள்ளு தள்ளும்மா.”

பிள்ளையை இவர்களிடம் விட்டுப் போகப் பைத்தியமா எனக்கு? இடுப்பில் தூக்கிக்கொண்டேன். டார்ச்சுக்காகப் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எட்வின் உள்ளே போனார். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டார். தள்ளினேன். அசையவில்லை.

“கெட்டியா இருக்கு அண்ணாச்சி. திறங்க.”

தட்டினேன்.

“யாரோ தட்டுதாங்க” என்றது உள்ளே எட்வினின் குரல்.

“மணி என்ன?”

“ஒன்பது அஞ்சு.”

“ஐயையோ!”

“நான்தான், செலின்! இது என் வீடு!”

“காரணம் சொல்லுதாங்க” என்றார் சுயம்பு. “நோட்டீஸ்லயே போட்டிருக்கே, என்ன காரணம் சொன்னாலும்னு.”

“கேமராவைப் பாரும் வே!” என்றார் அண்ணாச்சி.

உள்ளே தட்டச்சுச் சத்தம். என் கையில் போன் அதிர்ந்தது. அந்த மோடத்திலிருந்து போன முதல் செய்தி எனக்குத்தான்:

“சகோதரி செலினுக்கு. உங்கள் வாசலில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, சந்தேகப்படும்படியாக நிற்கிறாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பயப்படாமல் தூங்குங்கள். கமிட்டி.”

உள்ளே சர்ர்ரென்று என் அரிசி டின் நகர்ந்து வந்து, தாழிட்ட கதவில் டொக்கென்று முட்டியது. அதன்மேல் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி உட்காரும் சத்தமும் கேட்டது.