மகாராணியின் பூச்சிக் கழனி

சலசலக்காமல் கேளுங்கள் பிள்ளைகளே. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலம். மருதாற்றங்கரையைக் கோச்சாத்தன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்புவான்.

அவன் ராணி மருதநங்கைக்குக் கோட்டைக்கு வெளியே ஒரு கழனி. அங்கே பூச்சி வந்தால் விரட்ட மாட்டாள், நோய் வந்தால் தடுக்க மாட்டாள், விளைந்ததை அரண்மனைக்கு அனுப்பவும் மாட்டாள். விதவிதமான நெல்லை விதைப்பாள். எது தப்பிப் பிழைக்கிறதோ, அதை மட்டும் விதையாக எடுத்து ஊருக்குக் கொடுப்பாள். ஆளும் மாடும் வருஷா வருஷம் அரண்மனைச் செலவு.

ராஜாவுக்கு வயிறெரிந்தது.

"நங்கை, என் அப்பா காலத்திலும் ஊரில் இதே விளைச்சல், இன்றைக்கும் இதே விளைச்சல். ஒரு மரக்கால் கூடியதா? பூச்சிக்கு விருந்து வைத்தது போதும். அந்த ஆட்களைக் கோபுரம் கட்ட அனுப்பு."

"அனுப்புகிறேன். அதற்கு முன்னால் உங்கள் அப்பா காலத்து விதையை ஒரு போகம் விதைத்துப் பாருங்கள். இதே விளைச்சல் வந்தால், கழனியை நானே மூடிவிடுகிறேன்."

அந்தப் பழைய விதையையும் அழியவிடாமல் அந்தப்புர முற்றத்தில் வளர்த்து வைத்திருந்தாள், கெட்டிக்காரி! அரண்மனை வயலில் ஒரு பாதியில் அதை ராஜாவே விதைத்தான். மறுபாதியில் ராணியின் விதை.

முதலில் இரண்டும் பச்சென்று முளைத்தன. ராஜா மீசையை முறுக்கினான். பிறகு இரண்டும் நன்றாகக் கிளைத்துத் தூர் கட்டின. ராஜா கோபுரத்துக்குக் கல்லே இறக்கிவிட்டான். மூன்றாவதாகக் கதிர் வந்தது, கூடவே அந்த வருஷத்து நோயும் வந்தது. ராணியின் பாதி மணி பிடித்துத் தலைசாய்ந்தது. அப்பாவின் பாதி வெளுத்து விறைத்து நின்றது. ராஜா ஒரு கதிரைக் கசக்கினான். அத்தனையும் பதர்.

ஐயோ, அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

"அப்பா காலத்தில் கொட்டிக் கொட்டி விளைந்ததே, நங்கை!"

"விளைந்தது. நெல் அதே நெல்தான். நோய்தான் புதுசு புதுசாக வருகிறது. அதே விளைச்சல், அதே விளைச்சல் என்றீர்களே, அது அப்படியே இருக்கத்தான் இத்தனை பாடு."

ராஜா சுற்றிலும் பார்த்தான். ஊர் வயல் முழுக்க அவள் கொடுத்த விதை. அத்தனை வீட்டு அடுப்பையும் தன் வாயாலேயே அணைக்கப் பார்த்தோமே என்று நொந்துகொண்டான். ஊர் பார்க்க அவளைக் கும்பிட்டான். அரண்மனைச் செலவு நிற்கவில்லை. கோபுரத்துக்கு இறக்கிய கல்லெல்லாம் அந்தக் கழனிக்கு வாய்க்கால் கரையானது.

ஆகவே பிள்ளைகளே, விளைச்சல் குறையவில்லையே என்று, அதைக் குறையாமல் காக்கிற வேலைக்குக் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது.