மிராசுதாரின் வெற்றிலைப் பெட்டி

மழை பொய்த்த ஒரு வருஷம், ஒரு மிராசுதார் கிணறு வெட்ட ஆரம்பித்தார். கிணற்று வேலையில், மேலே கயிறு பிடிப்பவன் கையில்தான் கீழே இறங்குகிறவன் உயிர் இருக்கிறது. பூமாலை கயிறு பிடித்தால் வேலன் பாடிக்கொண்டே இறங்குவான். அந்தப் பூமாலையை அனுப்பிவிட்டு, வீட்டில் சும்மா இருந்த தன் மைத்துனன் சிங்காரத்தை மிராசுதார் அங்கே நிறுத்தினார்.

முதல் நாளே சிங்காரம் ஈயை விரட்டுவதற்காகக் கயிற்றை விட்டான். மண்கூடை உள்ளே விழுந்தது. வேலன் மயிரிழையில் தப்பினான்.

மறுநாள் அவன் இறங்கத் தயங்கினான்.

“இப்போதே இறங்கு! இல்லையென்றால் குடிசையைக் காலி பண்ணு!” என்று மிராசுதார் கத்தினார்.

மண் சுமந்துகொண்டிருந்த வேலனின் மனைவி செவந்தி முன்னால் வந்தாள்.

“இறங்குவாரு எசமான். உள்ளே நாக்கு வறண்டு போகுதாம். உங்க வெள்ளி வெத்தலைப் பெட்டியை, கயிறு பிடிக்கிற சின்ன எசமான் கையால முதல்ல இறக்கச் சொல்லுங்க. பின்னாலேயே இவரும் இறங்குவாரு.”

மிராசுதார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “இவன் கையிலா? தொப்புன்னு போட்டுடுவானே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

“பெட்டி போனா வேற வாங்கிக்கலாம் எசமான்,” என்றாள் செவந்தி.

அன்று மாலையே சிங்காரம் வண்டியேறினான். பூமாலை திரும்பி வந்தான். அதே கை, அதே பிடி. ஆனாலும் வேலன் பாதி தூரம் இறங்கியதும் ஒருமுறை அண்ணாந்து, கயிறு பிடித்த கையைப் பார்த்தான். பூமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செவந்தி கிணற்றோரம் காது கொடுத்து நின்றாள். கடப்பாரைச் சத்தம் வந்தது. பாட்டு வரவில்லை.