பத்து நிமிட ஆயுள்

ஓர் ஊரில் ஒரு செல்போன் இருந்தது. அதற்குள் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஆறு இலக்க எண் ஒன்று பிறந்தது. இந்தக் குலத்து எண்களுக்கு ஆயுள் பத்தே நிமிடம். வங்கிக் கணக்கின் கதவைத் திறந்துவிட்டுச் சாக வேண்டும், இல்லாவிட்டால் சும்மா சாக வேண்டும். பிறந்த எண் கெட்டிக்கார எண். கண்ணைத் திறப்பதற்கு முன்பே காதைத் தீட்டிக்கொண்டு, வெளியே யார் பேசுவது என்று கவனித்தது.

பேசியவன் திருடன். ஆனால் குரல் என்னவோ கோட்டும் டையும் போட்ட குரல்.

"மேடம், உங்க ஆயுள் சான்று எங்க கம்ப்யூட்டர்ல ஏறல. பத்து நிமிஷத்துல சரி பண்ணலன்னா பென்ஷன் நின்னுடும், அக்கவுண்டும் முடங்கிடும். இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல இருக்கிற நம்பரை மட்டும் சொல்லுங்க, போதும்."

கேட்டுக்கொண்டிருந்தவர் அன்னபாக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு, வீட்டில் தனி ஆள். இடது முழங்கால் தேய்ந்துபோய், அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்காகச் சேர்த்த பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

முதலில் அலறியது முழங்கால்தான். "சொல்லச் சொல்லுங்க! அக்கவுண்ட் முடங்கிட்டா என் கதி என்ன? மாடிப்படி ஏறி ஒன்றரை வருஷம் ஆச்சு!"

"அட மக்கு முழங்காலே!" என்றது எண். "அவன் கேக்கிறதே உன் ஆபரேஷன் பணத்தைத்தான். என்னை வாயால சொன்ன அடுத்த நிமிஷம் ஒத்தப் பைசா மிஞ்சாது."

பிறகு அது செல்போனிடம் கெஞ்சியது. "நீயாவது அந்தக் குரலை நிறுத்தக் கூடாதா?"

"எனக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதுப்பா. யார் பேசினாலும் கேட்க வைப்பேன். அதுக்குத்தான் என்னை வாங்கியிருக்காங்க" என்று செல்போன் கையை விரித்தது.

"ஒரு நிமிஷம் பொறுங்க சார், கண்ணாடியை எடுக்கேன்" என்றார் அன்னபாக்கியம். அவர் கை மேசை மேல் துழாவியது.

எண்ணுக்கு உயிர் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் ஓர் இலக்கத்தைக்கூடப் படிக்க முடியாது. "அண்ணே, கண்ணாடி அண்ணே! கீழே விழுந்துடு. மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கோ. என்னை அவங்களுக்குக் காட்டாதே!"

மூக்குக்கண்ணாடிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒளியணுமா? வயசானவங்களுக்கு எதையும் காட்டாம இருந்தாலே நல்லதுன்னு நீயும் கிளம்பிட்டியா? உன்னைக் காட்டத்தான் போறேன். உன்னோட வந்த மெசேஜையும் தலையிலிருந்து கால் வரைக்கும் காட்டுவேன்."

"நம்பரை மட்டும் சொல்லுன்னு அவசரப்படுத்துறானே, முழுசாப் படிக்க விடுவானா?"

"அவன் விடமாட்டான். இந்த அம்மா படிப்பாங்க. வேலையில இருந்த கடைசி ரெண்டு வருஷம் நான் இந்த மூக்கு மேலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றது கண்ணாடி. அதற்குள் கை அதை எடுத்து மாட்டிவிட்டது.

கண்ணாடி சொன்னது வெறும் வீம்பு இல்லை. மருந்துக் குப்பியைத் தொட்டால் அன்னபாக்கியம் அதன் லேபிளை மூன்று முறை படிப்பார். அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, ஊசியில் ஏற்றும்போது ஒருமுறை, குப்பியைத் திரும்ப வைக்கும்போது ஒருமுறை. டாக்டர் கத்தினாலும் சரி, வார்டே கத்தினாலும் சரி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கண் ஓடி முடிந்த பிறகுதான் கை நகரும்.

"மேடம், ஆறு நிமிஷம்தான் இருக்கு!"

"வாசிக்கேன்லா, இருங்க."

முதல் முறை படித்தார். உதடு மட்டும் அசைந்தது. எண் நடுங்கிக்கொண்டு நின்றது.

"மேடம்! நம்பர்!"

இரண்டாம் முறை படித்தார். நெற்றி சுருங்கியது.

மூன்றாம் முறை கடைசி வரியை வாய்விட்டே படித்தார். "இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். வங்கி ஊழியர்கள் இதை ஒருபோதும் கேட்க மாட்டார்கள்."



"அது... சும்மா எழுதியிருப்பாங்க மேடம். நீங்க நம்பரை மட்டும்..."

"சும்மா எழுதியிருக்கா?" அன்னபாக்கியத்தின் குரல் ஏறியது. "லேபிள்ல சும்மா எழுதுவாங்களால? டாக்டர் போன்ல மருந்து சொன்னாக்கூட அவரு பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுத்தான் ஊசி போடுவேன். ஓம் பேரு என்ன? எந்த பிராஞ்ச்? மேனேஜர் யாரு?"

கோட்டும் டையும் கழன்று விழுந்தன. "போலீஸ் வீட்டுக்கு வரும், பாத்துக்க!"

"அவங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நானே கூப்பிடுதேன், நீ லைன்லயே நில்லு."

அவன் நிற்கவில்லை. லைன் அறுந்தது.

முழங்கால், தான் தேய்ந்தது என்பதையே மறந்து குதிக்கப் பார்த்தது. எண்ணுக்கு இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. அந்த ஒரு நிமிடமும் அது சிரித்துக்கொண்டே இருந்தது. ஒரு கதவையும் திறக்காமல் ராஜா மாதிரி செத்தது.

அன்னபாக்கியம் வங்கியைக் கூப்பிட்டார். சைபர் குற்றப் புகாருக்கான 1930-ஐயும் கூப்பிட்டார். அதன் பிறகு, ஓய்வுபெற்ற நர்ஸுகள் எண்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை அப்படியே பேசி அனுப்பினார்.

"யார் பேசினாலும் கேட்க வைப்பேன்னு சொன்னேனே, இப்ப பாரு!" என்று செல்போன் நெஞ்சை நிமிர்த்தி, எண்பது வீடுகளுக்கும் அன்னபாக்கியத்தின் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கால் மணி நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. ரூபவதி மேட்ரன், அன்னபாக்கியத்தின் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமையாக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆஸ்பத்திரி வாயைப் பொத்திக்கொள்ளும். இப்போது அவர் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினார்.

"பாக்கியம், நான் சொல்லிட்டேன்டி அந்த நம்பரை. போன வாரம். இருந்தது பூராவும் போச்சு. பெத்த மக்கள்கிட்டகூடச் சொல்லல. இந்த வயசுல இப்படி ஏமாந்துட்டேனேன்னு வெட்கமா இருக்கு."

அன்னபாக்கியத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி பனித்தது, ஆனால் இடம் நகரவில்லை.

"மேட்ரன், திருடுனவன் தலை நிமிர்ந்து திரியுதான். நீங்க எதுக்குக் குனியணும்? சேலையை மாத்திட்டு நில்லுங்க, ஆட்டோ புடிச்சு வாரேன். ஸ்டேஷனுக்குப் போவோம்."

போனார்கள். அங்கே இருந்த போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "யாரும்மா ஏமாந்தது?" என்று கேட்டார்.

ரூபவதி மேட்ரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழையபடி நாலு வார்டுக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"ஏமாத்துனவனைப் பத்திப் பேச வந்திருக்கேன். எழுதுங்க."