அரைக்கச்சையும் அனந்தப்பர் கணக்கும்

முன்னொரு காலத்தில், எந்த நாட்டில் என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், மணிமுடிராயர் என்று ஒரு ராஜா இருந்தார். கடன் வாங்குவதில் மகா சூரர். யானைக் கொட்டிலுக்குக் கூரை போடக் கடன், கூரை போட்டதைக் கொண்டாடக் கடன், அந்தக் கொண்டாட்டக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். மனுஷர் கெட்டவர் இல்லை, பாவம். எண்களைக் கேட்டால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும், அவ்வளவுதான்.

அந்தத் தூக்கத்திலேயே கொழுத்தவர் கணக்கு மந்திரி அனந்தப்பர். ராஜாவே பருமன், அனந்தப்பர் அவரையும் மிஞ்சிய பருமன். ஒருநாள் அவர் சபையில் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மன்னர் பெருமானே! சென்ற ஆண்டு நாம் இரண்டு லட்சம் பொன் கடன் வாங்கினோம். இந்த ஆண்டு ஒரு லட்சம்தான் வாங்கினோம். அடியேனுடைய அயராத உழைப்பால் கடன் பாதியாகக் குறைந்துவிட்டது!"

ஆகா, ஆகா என்றார்கள் சபையோர். பழைய இரண்டு லட்சம் அப்படியே உட்கார்ந்திருக்க, அதன் தலைமேல் இன்னொரு லட்சம் ஏறியிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் மாதச் சம்பளம் வர வேண்டாமா?

'குறைந்துவிட்டது' என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜா விழித்துக்கொண்டார். "பலே! அப்படியானால் தங்க ஊஞ்சல் மண்டபம் கட்டிவிட வேண்டியதுதான். கடனை வாங்கும்!"

"உத்தரவு மகாராஜா. வணிகர்கள் பணத்தோடு காத்திருக்கிறார்கள். ஈடாக ஏரித் தண்ணீர் வரியை மட்டும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் போதும்."

அப்போது மூலையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. அரண்மனை விகடக்காரன் மருதக்குட்டிதான். ராஜா அவன் பேச்சை மட்டும் தூங்காமல் கேட்பார் என்பதால் அனந்தப்பருக்கு அவன்மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"மகாராஜா! அரசாங்கக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பவன் அரசரைப் பார்த்தே சிரிக்கிறான். கடன் குறையவில்லை என்று அவன் நிரூபிக்கட்டும். தவறினால் குடுமியைச் சிரைத்து, கழுதைமேல் ஏற்றி, குடும்பத்தோடு நாட்டைவிட்டு அனுப்புங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "ஆனால் மருதக்குட்டி, எண் எதுவும் உன் வாயில் வரக்கூடாது. இப்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது. என் உடம்பில் உறைக்கும்படி சொல். நாளைக் காலைவரை உனக்கு நேரம்."

மருதக்குட்டி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். குடுமி போனால் வளரும். நாட்டைவிட்டுத் துரத்தினால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உடம்புலதானே மகாராஜா உறைக்கணும்? உறைக்க வச்சிடறேன். உங்க அரைக்கச்சையை மட்டும் இன்னைக்கு என்கிட்ட கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ராஜா முடிசூட்டிக்கொண்ட நாளின் ஆண்டு விழா. அன்றைக்கு ராஜா சபையோர் முன்னிலையில் பட்டு வேட்டிமேல் பொன் அரைக்கச்சை கட்டிக்கொள்வது வழக்கம். வருஷா வருஷம் பொற்கொல்லர் ராஜாவின் இடுப்பை அளந்து, கச்சையில் சில கண்ணிகளைச் சேர்ப்பார். கழற்றியதாகச் சரித்திரமே இல்லை.

இந்த வருஷம் கச்சையைக் கட்டினால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நாலு சேவகர்கள் இழுத்தார்கள். ராஜா மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்து போயிற்று.

"அடேய்! யார் இதை வெட்டியது?"

"நான்தான் மகாராஜா. எல்லாம் மந்திரி கணக்குப்படிதான்" என்றான் மருதக்குட்டி. "போன வருஷம் கூடை கூடையா அதிரசம் தின்னீங்க. இந்த வருஷம் வைத்தியர் சொன்னாரேன்னு குறைச்சுத் தின்னீங்க. குறைச்சுத் தின்னா இடுப்பு குறைஞ்சிருக்கணுமே? அதான் கண்ணிகளைக் கழட்டச் சொன்னேன்."

"மடையா! குறைவாகத் தின்றாலும் தின்றதுதானே? போன வருஷத்துச் சதை எங்கே போகும்? அதன்மேல்தானே இதுவும் ஏறும்!"

சொல்லி முடித்த பிறகுதான் ராஜாவுக்கே ஏதோ பொறி தட்டியது. மெல்ல அனந்தப்பர் பக்கம் திரும்பினார். அனந்தப்பர் அவசரமாக முந்திக்கொண்டார்.

"மகாராஜா, கடனில் பெரும்பங்கு மகாராணியாரின் கருவூலத்துக்கு நாம் தர வேண்டியது. நம் வீட்டுக்கு நாமே தருவது கடனாகுமா? தவிர, நாட்டின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் நம் கடன் கடுகளவு!"

"அட, அதையும் பார்த்துடலாமே!" என்று மருதக்குட்டி சேவகர்களைக் கூப்பிட்டான். "ராஜாவுக்கு முன்பக்கத்தை மட்டும் அளங்கப்பா. முதுகுப்பக்கம் நம்ம சொந்தப் பக்கம், கணக்குல வராது. இழுங்க! பத்தலையா? பட்டத்து யானையைக் கூட்டிட்டு வாங்க. மகாராஜா, அது பக்கத்துல நில்லுங்க. ஆகா, யானையோட பார்த்தா எங்க ராஜா துரும்பு! மூச்சை நல்லா உள்ளே இழுத்துப் பிடிச்சுக்குங்க மகாராஜா, கொக்கியை எப்படியாவது மாட்டுங்கப்பா. இப்ப தைரியமா மூச்சை விடுங்க மகாராஜா."

ராஜா மூச்சை விட்டார். கொக்கி பட்டென்று தெறித்து அனந்தப்பரின் தலைப்பாகையில் போய் விழுந்தது. ராஜா அவசர அவசரமாக இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

மருதக்குட்டியின் கை தானாகக் குடுமிக்குப் போயிற்று. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"மகாராஜா, மந்திரி சொன்ன எந்த அளவும் பொய்யில்ல. இந்த வருஷம் எவ்வளவு தின்னீங்கன்னு சமையல்காரருக்குத் தெரிஞ்சாகணும். உங்களைச் சுமக்க முடியுமான்னு பார்க்க யானையோட ஒப்பிட்டுத்தான் ஆகணும். ஆனா கச்சைக்கு வேண்டியது மொத்த இடுப்பு. கச்சையைப் பத்திக் கேட்டா அதிரசக் கணக்கைச் சொல்றாரே, அவுந்து விழறது உங்க வேட்டி மகாராஜா. அவரோடது இல்ல."

ராஜா கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். "அப்படியானால் அந்த ஊஞ்சல் மண்டபம்?"

"மேற்கொண்டு அதிரசம் மகாராஜா. அதுவும் ஜனங்க குடிக்கிற தண்ணியை அடகு வச்சு."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, அதில் வேட்டி இன்னும் நழுவியது, அதைப் பார்த்து மேலும் சிரித்தார். அடமானப் பத்திரத்தை அங்கேயே கிழிக்கச் சொன்னார். மருதக்குட்டிக்குப் பொற்கிழி கொண்டுவரச் சொன்னார்.

"பொன் வேண்டாம் மகாராஜா. அதையும் நீங்க கடன் வாங்கித்தான் கொடுக்கணும். உங்களுக்கு இன்னைக்கு வச்சிருக்கிற அதிரசக் கூடையைக் கொடுத்துடுங்க. என் பிள்ளைங்க தின்னும், உங்க இடுப்பும் தப்பிக்கும்."

"கொடுத்தேன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ராஜா. "பொற்கொல்லரே, அந்தக் கொக்கியைச் சரிசெய்து கச்சையை அனந்தப்பருக்குப் பூட்டும். மொத்தக் கடனும் குறைகிற அன்றைக்குக் கழற்றிக்கொள்ளட்டும்."

எட்டு சேவகர்கள் இழுத்துப் பூட்டினார்களாம். அடுத்த வருஷமே அந்த நாட்டின் கடன் நிஜமாகவே குறைந்தது. மந்திரியும் மூச்சு விட வேண்டுமே!