பிடி கொடுக்காத பிடி

கடலோர ஊர் ஒன்றில் ஒரு விளையாட்டுக் கூடம். அங்கே ஒரு கால்பந்து மேசை இருந்தது. மேசைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பிகளில் கோத்த பொம்மை ஆட்டக்காரர்கள், ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு மரப்பிடி. பிடியைத் திருகினால் பொம்மை உதைக்கும்.

கோல்கீப்பர் கம்பியின் பழைய பிடி பிளந்துபோனதால், கூடத்தை நடத்துகிற ஜெசிந்தா புதுசு ஒன்று வாங்கி மாட்டினாள். உருண்டையாக, வார்னிஷ் மின்ன, முகம் பார்க்கலாம் போல இருந்தது அது. மற்றப் பிடிகள் அழுக்கேறி, சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டு கிடந்தன. புதுசுக்கு அவற்றைப் பார்த்து இளக்காரம். கண்டவன் கையும் படுகிற பிழைப்பு ஒரு பிழைப்பா என்று கேட்டது.

"நான் யாருக்கும் பிடி கொடுக்கிற ஆள் இல்லை," என்றது.

"உன் பேரே பிடிதானே," என்றது கோல்கீப்பர் பொம்மை. "நீ வழுக்கினா கோல் வாங்குறது நான்தான், ராசா."

அப்படியே நடந்தது. சித்திரை வெயில். மீன் வண்டி ஓட்டுகிற நிசாருக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம். பந்து வந்தது, திருகினான், கை சுழன்றது, பிடி சுழலவில்லை. பந்து குழிக்குள். எதிரில் நின்ற தேவசகாயம், கையில வெண்ணெயா மாப்பிள்ளே என்று கேட்டுச் சிரித்தான். நிசார் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆடினான். மறுபடியும் கோல்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல். ஹார்டுவேர் கடைக்காரனைப் பேசிப் பேசிச் சாகடித்து வாங்கிய பிடி அது. இன்னொன்றுக்குக் காசு அழ மாட்டேன் என்று அரத்தை எடுத்தாள். இன்றைக்குள் சரிப்பட்டால் இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கத்து டீக்கடை அடுப்புக்கு என்று சொல்லிவிட்டு, கம்பியை அசையாமல் பிடிக்கும்படி நிசாரிடம் சொன்னாள்.

அடுப்பு என்றதும் பிடிக்கு வார்னிஷ் வெளிறியது. ஆனாலும் வீறாப்பு போகவில்லை. அரத்தோடு பேரத்தில் இறங்கியது.

"ஒரு பக்கம் மட்டும் இழைச்சுக்கோ."

"ஒரு பக்கத்தை வச்சு நாக்கு வழிக்கவா? நாலு பக்கம் கொடு," என்றது அரம்.

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு தூள் கிடையாது."

"உன் இஷ்டம். அடுப்பு பக்கத்துலதான்."

இரண்டு பக்கம் தட்டையானது. நிசார் திருகிப் பார்த்தான். வேகமாகத் திருப்பினால் இன்னும் வழுக்கியது. வேறு வழியில்லாமல் நாலு பக்கமும் கொடுத்தது பிடி. இப்போது வழுக்கவில்லை. ஆனால் கூரான விளிம்புகள் உள்ளங்கையைக் கடித்தன. நிசார் கையை உதறினான். பிடிக்கு உள்ளூரக் குஷி. கொடுத்தேன், ஆனால் சும்மா கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டது.

"விளிம்பையும் கொடு," என்றது அரம்.

"அது மட்டும் முடியாது. மிச்சமிருக்கிற மானம் அதுதான்."

பொம்மைக்குப் பொறுமை போயிற்று. "முதல்ல வழுக்கினே, இப்ப கடிக்கிறே. உன் கம்பியிலதான் நானும் கோத்திருக்கேன். உன்னைத் தொடாதவன் என்னை எப்படி ஆட வைப்பான்?"

அரம் விளிம்பில் உட்கார்ந்தபோது பிடி நழுவாமல் நின்றது. ஒவ்வொரு விளிம்பாகத் தேய்ந்து, எட்டு முகமானது.

ஆட்டம் தொடங்கியது. தேவசகாயம் அடித்த பந்து சீறி வந்தது. ஈரக் கை பிடியை வளைத்தது. விரல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் கண்டு உட்கார்ந்தது. ஒரே திருகு. பொம்மை உதைத்த பந்து மேசையின் அந்தக் கோடிக்குப் போய்க் குழியில் விழுந்தது.

தேவசகாயம் சிரிக்கவில்லை. பிடிக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு. ஒரு கை தன்னை நம்பி இறுக்குகிற சூடு. வார்னிஷோடு இருந்தவரை அது தெரிந்ததே இல்லை.

ஜெசிந்தா அரத்தை ஊதித் தூளைத் தட்டிவிட்டு, இப்போது எப்படி என்று கேட்டாள்.

நிசார் கையை எடுக்காமலே சொன்னான்: "பிடிச்சிருக்கு, அக்கா."