கமலவேணி டீச்சரின் புகார்

கமலவேணி டீச்சருக்குக் கோபம் வந்தால் எழுத்து இன்னும் அழகாகிவிடும். அன்று அவர் கொண்டுவந்த புகார் மனுவில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா. கையெழுத்து மட்டும் பாக்கி.

"பதினோரு பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்காங்க சாமி. நான் கையெழுத்துப் போட்டா உள்ளே. இல்லேன்னா விட்டுடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். குளத்தங்கரை ஓட்டுவீட்டில் தானே பொங்கித் தின்றுகொண்டு, வருகிறவர்களைக் கேலி பேசிக்கொண்டு காலம் தள்ளுகிறவர். இவரைப் போய் டீச்சர் குருவாக ஏற்றுக்கொண்டது ஊருக்கே ஆச்சரியம்.

"என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். ஓய்வு பெற்றதும் டீச்சர், அப்பா விட்டுப்போன பெரிய வீட்டைக் கோயில் வாசல் பிச்சைக்காரர்கள் பதினோரு பேருக்குத் திறந்துவிட்டார். ஊரில் வேறு யாருக்கும் வராத மனசு, அதில் சந்தேகமே இல்லை.

காலையில் மணி அடிப்பார். எல்லாரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையில் நின்று தேவாரம் பாட வேண்டும். "நான் திருந்திட்டேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். "நன்றி அம்மா" சொன்ன பிறகுதான் தட்டில் சோறு விழும். குரல் எழும்பாதவர்கள் முதலிலிருந்து பாட வேண்டும். நாலு மாதம் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அத்தனை பேரும் பக்தர்களாகிவிட்டார்கள் என்று டீச்சர் பூரித்துப்போனார்.

போன வாரம் தம்பி மகள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் சேலம் போனார். திரும்பி வந்தபோது பூஜை அறைக் குத்துவிளக்கைக் காணோம். அதை விற்றுச் சாராயம் குடித்திருந்தார்கள். கூடத்தில் ஒற்றைக்கண் சடையன் டீச்சரின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணியை ஆட்டி, டீச்சரின் குரலிலேயே அதட்டிக்கொண்டிருந்தான். மற்ற பத்துப் பேரும் எதிரே வரிசையாக நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அந்தச் சிரிப்பு காதுலேயே நிக்குது சாமி. கூடப் பொறந்தவங்க மாதிரிதானே பார்த்தேன்?" டீச்சர் அழுதேவிட்டார்.

சாமி மனுவைப் படித்தார். முதல் பக்கம் முழுக்கச் சடையனின் நடிப்பு.

"விளக்கு கடைசி வரியிலதான் வருது."

"ஆமா."

"சாப்பிட்டீங்களா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கல."

சாமி இலை போட்டார். சூடான சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. வாசனை பட்டதும்தான் டீச்சருக்குத் தன் பசி தெரிந்தது. உட்கார்ந்து கையை வைக்கப்போனார்.

"எந்திரிங்க. ஒரு தேவாரம் பாடுங்க."

குரு சொல்கிறார். எழுந்து நின்று பாடினார்.

"சத்தம் பத்தல."

தண்ணீர் எடுக்க வந்த இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் முதலிலிருந்து பாடினார்.

"நான் திருந்திட்டேன்னு சொல்லுங்க."

"நான் என்ன சாமி தப்பு செஞ்சேன்?"

"சோறு ஆறுது."

சொன்னார். "நன்றி சாமி"யும் சொன்னார்.

"கையைச் சரியாக் கூப்பல. மறுபடி முதல்லேர்ந்து."

டீச்சர் கூப்பிய கையை உதறினார். "எனக்கு உங்க சோறே வேண்டாம்!"

அந்தப் பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமி சிரிக்கவில்லை.

"சடையன் உங்களை மாதிரி நடிச்சான்னு எழுதியிருக்கீங்களே. கூட ஏதாவது சேர்த்தானா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். சத்தம் பத்தல. முதல்லேர்ந்து பாடு. திருந்திட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தைகூட அவன் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

"இல்ல சாமி."

சாமி பேனாவை எடுத்து நீட்டினார்.

"கடைசி வரிக்குக் கையெழுத்துப் போடுங்க. அது திருட்டு."

பேனாவை வாங்கிய டீச்சரின் கை மனுவின் மேல் நின்றது.

"அப்ப மேலே எழுதினதெல்லாம்?"

"அது நீங்க நடத்தின பாடம், டீச்சரம்மா. எல்லாரும் நல்லாத்தான் படிச்சிருக்காங்க."