மாலத்தீவுக்குப் போகும் அணி

கன்னியாகுமரி கால்பந்து லீக்கில் முதலிடம் பிடிக்கும் கிளப், மாலத்தீவில் நடக்கும் சர்வதேசக் கோப்பைக்குப் போகலாம். அந்த வருஷம் முதலிடம் மீனவர்களின் அலைமகள் கிளப்புக்கு. இரண்டாமிடம் ராயல் கிளப்புக்கு.

ராயல் தலைவர் செல்வதாஸுக்கு வயிறு எரிந்தது. ஏசி பஸ்ஸும் கேரளத்துக் கோச்சும் வைத்திருக்கும் தன்னை விட்டு, வலை இழுக்கிறவர்கள் விமானம் ஏறுவதா? தேர்வு அதிகாரியிடம் ஓடினார். அலைமகள் வீரர்களும் அங்கே வந்திருந்தார்கள்.

"கடைசி ஆட்டத்தில் இவங்களையே நாங்க ஜெயிச்சோம் சார். ஜெயிச்சவன்தானே பெரியவன்? எங்களைத்தான் அனுப்பணும்."

அதிகாரி அலைமகள் கிளப்பைப் பார்த்தார். அவர்களுடைய ஜெர்சிகளைத் துவைத்துத் தைத்துக் கொடுக்கும் புனிதாதான் முன்னால் வந்தாள்.

"தலைவர் சொல்றது நியாயம் சார். அப்போ தபால்காரர் அணியை அனுப்புங்க."

"கடைசி இடத்துல இருக்கிறவங்களையா?"

"அவங்கதானே ராயலை ரெண்டு கோல்ல ஜெயிச்சாங்க!"

அதிகாரி திரும்பினார். செல்வதாஸ், "அது மழையில் நடந்த ஆட்டம்…" என்று இழுத்தார்.

"ஆனா தபால்காரரை நாங்க ஜெயிச்சோம். எங்களை ராயல் ஜெயிச்சது. இப்படியே சுத்தினா யாருமே விமானம் ஏற முடியாது. அதுக்குத்தானே சார், எல்லா ஆட்டத்தையும் கூட்டிப் புள்ளிப் பட்டியல் போடுறீங்க?"

அதிகாரி சிரித்துக்கொண்டே அலைமகளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செல்வதாஸ் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "இவங்களுக்கு ஜன்னல் சீட்டா?" என்று கேட்டார்.